பந்தை நிறுத்துகிறவன் பெயர்

ஆகஸ்ட் பிறந்ததும் டுவேன் டெக்கர் சரியாகச் சாப்பிட மாட்டார். கேட்டால் வெயில் என்பார். அயோவாவில் மக்காச்சோளம் ஆள் உயரத்தைத் தாண்டி நிற்கும் அந்த நாட்களில் வெயில் கடுமைதான். ஆனால் அவர் மனைவி லொரைனுக்கு உண்மைக் காரணம் தெரியும். ஆஷ்பி கல்லூரியின் அமெரிக்க ஃபுட்பால் பையன்கள் பயிற்சி முகாமுக்கு வந்துவிட்டார்கள். முகாம் முடிகிற சனிக்கிழமை டுவேன் வானொலியில் இரண்டு பட்டியல் சொல்லியாக வேண்டும். இந்த வருஷம் அணியின் பலம் என்ன, கவலை என்ன.

எங்கள் ஹாலம் ஊரில் அந்தப் பட்டியலுக்கு மேல் பேச்சு கிடையாது. டுவேனுக்குத் தொழில் கார் கண்ணாடி மாற்றுவது. சரளைச் சாலையில் கல் தெறித்து உடைந்த கண்ணாடிகள் வருஷம் முழுக்க அவர் கடைக்கு வந்துகொண்டே இருக்கும். ஆட்ட நாட்களில் மட்டும் வர்ணனையாளர் பிரென்ட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, நடந்தது ஏன் நடந்தது என்று சொல்வார். நிலையத்தில் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் வேலை என்னுடையது. அதனால் அவர் சொல்வதைவிடச் சொல்லாமல் விழுங்குவதை நான் அதிகம் கேட்டிருக்கிறேன்.

அவர் விழுங்குவதெல்லாம் ஒரே பெயர். கிரெய்க் விங்கெல்.

முப்பது வருஷத்துக்கு முன்னால் இரண்டு பேரும் இதே ஆஷ்பி அணியில் இருந்தார்கள். பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிற குவார்ட்டர்பேக் இடம் கிரெய்க்குடையது. டுவேன் அவருக்கு அடுத்த ஆள். கிரெய்க்குக்கு அடிபட்டால் டுவேன் இறங்க வேண்டும். நான்கு வருஷத்தில் கிரெய்க்குக்குச் சளிகூடப் பிடிக்கவில்லை.

இரண்டாவது ஆளுக்கென்று ஒரு வேலை உண்டு. கோல் கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைக்க வேண்டிய நேரத்தில் அவன் ஓடிவந்து ஒற்றை முழங்காலில் உட்கார வேண்டும். எதிரே குனிந்து நிற்பவன் தன் கால்களுக்கு நடுவே பந்தைப் பின்னால் விடுவான். அந்த முட்டை வடிவப் பந்தைப் பிடித்து, முனையைத் தரையில் ஊன்றி, அதன் தையல் உதைப்பவன் காலில் படாமல் கம்பங்களைப் பார்க்கும்படி திருப்பி, விரல் நுனியால் நிறுத்த வேண்டும். எல்லாம் ஒரு மூச்சுக்குள் நடந்து முடிந்துவிடும். உதை சரியாகப் போனால் கூட்டம் உதைத்தவன் பெயரைக் கத்தும். தவறினால் மட்டும், பிடித்தவன் யார் என்று விசாரிக்கும்.

டுவேனை யாரும் விசாரித்ததில்லை. அதாவது அவர் அதைத் தவறு இல்லாமல் செய்தார்.

படிப்பு முடிந்ததும் கிரெய்க் தன் அப்பாவின் டிராக்டர் கடையை எடுத்துக்கொண்டு அதை மூன்று ஊர்களுக்குப் பெருக்கினார். மைதானத்துக்குப் புது ஸ்கோர் பலகை வாங்கிக் கொடுத்தார். அதன் தலையில் 'விங்கெல்' என்று டுவேனின் கடைக் கதவு அளவுக்கு எழுத்துகள். வானொலியில் ஒவ்வொரு முறை ஸ்கோர் சொல்லும்போதும் டுவேன் அந்தப் பெயருக்குக் கீழேதான் கண்ணை வைக்க வேண்டும். அதைத் தவிர்க்கத் தன் கையில் ஒரு துண்டுத் தாளில் ஸ்கோரை எழுதிவைத்துப் பார்த்தார். இரண்டு முறை தப்பாகச் சொன்னதும் பிரென்ட் அந்தத் தாளைப் பிடுங்கிக்கொண்டான்.

ஒருமுறை நான் அவர்கள் வீட்டில் ஒலிவாங்கியைக் கொடுக்கப் போயிருந்தபோது லொரைன் பாத்திரம் துடைத்துக்கொண்டே சொன்னார். "கிரெய்க்குக்கு உன் மேல கோவமும் இல்ல, போட்டியும் இல்ல டுவேன். அவன் உன்னை நினைக்கிறதே இல்ல. அதுதான் உனக்குத் தாங்கல." டுவேன் நாயைக் கூட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

இந்த வருஷம் விஷயம் முற்றியது. கிரெய்க்கின் மகன் நோலன் குவார்ட்டர்பேக் இடத்துக்கு நின்றான். எதிரே, கான்ஸஸிலிருந்து மாற்றலாகி வந்த ஜமாரி என்ற பையன். டுவேன் கடையைப் பாதி நாள் பூட்டிவிட்டு முகாமுக்கு வந்து வேலியோரம் நின்றார். ஜமாரி எறிந்தால் தாடையைத் தடவுவார். நோலன் எறிந்தால் கண்ணைச் சுருக்குவார். நோலன் நன்றாக எறிந்த ஒரு நாளில் பக்கத்தில் நின்றவர்கள் பாராட்டியதும், பயிற்சியில் குவார்ட்டர்பேக்குகளை யாரும் இடிக்கக் கூடாது என்பதற்காகப் போட்டுவிடும் சிவப்புச் சட்டையைக் காட்டினார். "அந்தச் சட்டையைப் போட்டு நிறுத்தினா எங்க அத்தைகூட நல்லா எறிவாங்க" என்றார். அத்தைக்கு எண்பத்தோரு வயது. எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

இரண்டாவது வாரக் கடைசியில் கோச் ஜமாரியைத் தேர்ந்தெடுத்தார். அன்றைக்கு டுவேன் மேவிஸ் உணவகத்தில் பன்றிக்கறி ரொட்டியைவிடப் பெரிதாக வெளியே தொங்கும் சாண்ட்விச் ஒன்றையும், அதற்குப் பிறகு ருபார்ப் என்ற புளிப்புத் தண்டை வைத்துச் சுட்ட இனிப்பு ஒரு துண்டும் சாப்பிட்டார். அந்த ஆகஸ்டில் அவர் வயிறார உண்டது அன்று ஒருநாள்தான்.

மறுநாள் அவர் முகாமுக்குப் போனபோது நோலன் ஒற்றை முழங்காலில் உட்கார்ந்திருந்தான். எஸ்ரா என்ற பையன் உதைக்க, இவன் பிடித்து நிறுத்திக்கொண்டிருந்தான். இரண்டாவது ஆளின் வேலை. டுவேன் அதை எதிர்பார்த்திருக்க வேண்டும். ஆனாலும் தன் சட்டையை வேறொருவன் போட்டுக்கொண்டு நிற்பதைப் பார்த்த மாதிரி அவர் முகம் போயிற்று.

அதைவிட அவரை வதைத்தது கம்பங்களுக்குப் பின்னால் இருந்த மடக்கு நாற்காலி. அதில் கிரெய்க் உட்கார்ந்திருந்தார். மகன் இடத்தை இழந்துவிட்டானே என்று வீட்டில் இருக்கவில்லை. கடையையும் மூன்று ஊர்களையும் விட்டுவிட்டுத் தினமும் வந்தார், மகன் பந்து நிறுத்துவதைப் பார்க்க. டுவேனின் அப்பா பால் பண்ணைக்காரர். சனிக்கிழமையானாலும் மாடு கறக்க வேண்டும். நான்கு வருஷத்தில் ஒரு ஆட்டத்துக்கும் வந்ததில்லை.

முகாமின் கடைசி சனிக்கிழமை அணி இரண்டாகப் பிரிந்து தனக்குள்ளேயே மோதும். ஊரே மேட்டில் உட்கார்ந்து பார்க்கும். அன்று ஒலிபரப்பு மதியம்தான். காலையில் நானும் டுவேனும் மைதானத்தோரம் சும்மா நடந்துகொண்டிருந்தபோது கிரெய்க் கையசைத்துக் கூப்பிட்டார். இன்னொரு நாற்காலியை விரித்துப் போட்டார். ஊரார் பார்க்க மறுக்க முடியாது. டுவேன் நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தார். நான் புல்லில் உட்கார்ந்தேன்.

"டேய் டுவேன், நான் என்னத்தைப் பாக்கணும் சொல்லு" என்றார் கிரெய்க். "ஒரு வாரமா உக்காந்திருக்கேன், ஒண்ணும் புரியல. நல்லா பிடிக்கிறானா இல்லையா?"

"நான் நாலு வருஷம் பிடிச்சேனே. பாத்ததில்லையா?"

கிரெய்க் நிஜமாகவே யோசித்தார். "நீ உள்ள வந்தா நான் வெளிய போறேன்னு அர்த்தம். அப்பத்தானே தண்ணி குடிப்பேன்." கொஞ்சம் வெட்கப்பட்டுச் சிரித்தார். "ஒரு தடவைகூடப் பாக்கல போலிருக்கு."

அதில் கெட்ட எண்ணம் துளியும் இல்லை. இருந்திருந்தால் டுவேனுக்குச் சுலபமாக இருந்திருக்கும். குனிந்து புல்லில் விரலை ஊன்றிக் காட்டி, "தையல் உன்னைப் பாத்துச்சுன்னா சரி" என்றார்.

அன்று எஸ்ரா உதைத்ததில் பாதிக்கு மேல் தவறியது. ஒவ்வொரு முறையும் கிரெய்க் தாழ்ந்த குரலில், "தையல் என்னைப் பாத்துது" என்றார். ஒவ்வொரு முறையும் அது உண்மை. டுவேன் தலையைக்கூட ஆட்டவில்லை. மேட்டில் முனகல் எழுந்தது. எஸ்ரா கையை விரித்து நோலனிடம் கத்தினான். பையன்கள் எஸ்ரா பக்கம். நோலன் திரும்பிப் போய் முழங்காலில் உட்கார்ந்தான்.

மேவிஸ் உணவகத்தில் ஒலிபரப்புக்கு நான் கம்பிகளை மாட்டிக்கொண்டிருந்தபோது பிரென்ட் டுவேனின் காதருகே வந்தான். நோலனை எடுத்துவிட்டு வேறு ஒருவனைப் பந்து நிறுத்தவைக்கலாமா என்று கோச் யோசிக்கிறாராம். வீடியோவில் நடுவில் ஆட்கள் மறைத்துவிட்டார்கள், ஒன்றும் தெரியவில்லை. "பந்து நிறுத்துறதைப் பத்தி டுவேனைவிடத் தெரிஞ்சவன் இந்த மாவட்டத்துலயே கிடையாது, அவர் என்ன சொல்றார்னு கேட்டுட்டு முடிவு பண்றேன்னாரு. வண்டியில ரேடியோவைப் போட்டுக் கேட்டுட்டு இருப்பாரு."

கிரெய்க் சுவரோர மேஜையில் முட்கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு சாப்பிடாமல் இருந்தார். நோலனின் கையில் தவறு இல்லை என்பதை அவரும் பார்த்திருந்தார். ஆனால் அப்பா சொன்னால் எந்தக் கோச் கேட்பார்? ஸ்கோர் பலகை வாங்கிக் கொடுத்தவர் வாயைத் திறந்தால் அது இன்னும் அசிங்கம். முப்பது வருஷத்தில் முதல் முறையாகக் கிரெய்க் விங்கெலிடம் இல்லாத ஒன்று டுவேன் டெக்கரிடம் இருந்தது. அவர் அதை அனுபவித்தார். ஒலிவாங்கியைச் சரிசெய்தபோது அவர் முகத்தைப் பக்கத்தில் பார்த்தேன். சந்தேகமே இல்லை.

பலங்களை முதலில் சொன்னார். முன்வரிசைப் பையன்கள் ஐந்து பேரும் போன வருஷம் சேர்ந்து ஆடியவர்கள், ஒருவன் மூச்சு விட்டால் மற்றவனுக்குத் தெரியும். ஜமாரி அவசரப்பட மாட்டான், அடிக்க ஆள் வருவது தெரிந்தும் பந்தை வைத்துக்கொண்டு காத்திருக்கிறான். தடுப்பாட்டத்தில் நடுவில் நிற்கும் இருவரை யாரும் அசைக்க முடியாது. அடுத்தது கவலைகள். பந்தை எடுத்து ஓடுகிறவனுக்கு முட்டியில் கட்டு, அவனுக்குப் பின்னால் சின்னப் பையன்தான். ஓரத்தில் தடுப்பவர்கள் உயரம் குறைவு. பிற்பாதியில் கால்கள் கனத்துவிடுகின்றன, வெயிலை மட்டும் காரணம் சொல்ல முடியாது.

"அப்புறம் உதைக்கிறது" என்றான் பிரென்ட்.

"அது பெரிய கவலை."

"கோளாறு காலிலயா, கையிலயா?"

டுவேன் தண்ணீர் குடித்தார். அவர் வாயில் எந்தச் சொல் நின்றது என்று எனக்குத் தெரியாது. கை என்று சொன்னால் ஊர் நம்பும். அவரே பிடித்தவர் ஆயிற்றே. சமையலறையில் மேவிஸ் பாத்திரத்தைப் போடுவதை நிறுத்திவிட்டார். கிரெய்க் டுவேனைப் பார்க்கவில்லை, தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். முன்பொரு காலத்தில் அவர் பார்த்திருக்க வேண்டிய நேரமெல்லாம் தண்ணீர் குடித்தார். இப்போதும் பார்க்கவில்லை. இந்த முறை பயம்.

"காலு" என்றார் டுவேன். "எஸ்ரா பந்து போற அழகைப் பாக்கணும்னு முன்னாடியே தலையைத் தூக்குறான். பந்து ஒவ்வொரு தடவையும் நிக்க வேண்டிய இடத்துலதான் நின்னுச்சு."

"அப்ப நோலனைப் பலத்துல சேத்துக்கலாமா?"

"நான் அப்படிச் சொல்லல."

உணவகம் சிரித்தது. பிரென்ட்டுக்கு வாய் நிற்கவில்லை. "உங்களைவிட நல்லா பிடிக்கிறானா?"

என் ஒலிப் பலகையில் அளவு காட்டும் முள் கீழே விழுந்து அப்படியே கிடந்தது. வானொலியில் அவ்வளவு நேரம் மௌனம் போகக் கூடாது. நான் விளம்பரத்தைப் போடக் கையை நீட்டினேன்.

"தெரியாது" என்றார் டுவேன். "நான் பிடிச்சதை யாரும் பாத்ததில்ல. யாரைக் கேக்கறது?"

மறுபடியும் எல்லோரும் சிரித்தார்கள். அதை நகைச்சுவை என்று எடுத்துக்கொண்டார்கள். கிரெய்க் மட்டும் சிரிக்கவில்லை. ஒலிபரப்பு முடிந்ததும் எழுந்து வந்து மேஜை முன்னால் நின்றார். நன்றி என்று தொடங்கி, பாதியில் விட்டுவிட்டு, "உங்க அப்பா வந்து பாப்பாரா அப்பல்லாம்?" என்று கேட்டார்.

"மாடு கறக்கணும்ல" என்றார் டுவேன். கம்பிகளைச் சுருட்ட எனக்கு உதவுவது போலக் குனிந்துகொண்டார். அவர் அதற்கு முன் ஒரு நாளும் கம்பி சுருட்டியதில்லை. கிரெய்க் வெளியே போனார்.

வீட்டுக்குப் போகும் வழியில், உணவகத்துக்கு வந்திருந்த லொரைன் அவர் கையைத் தட்டிக் கொடுத்து நல்ல காரியம் செய்தாய் என்றாராம். "அந்தப் பையன் பிடிக்கிறது என்னைவிட நல்லாத்தான் இருக்கு, அதுக்குமேல அப்பன் வேற நாற்காலி போட்டு உக்காந்திருக்கான்" என்று டுவேன் பொருமினாராம். அன்று இரவும் சாப்பிடவில்லை. லொரைன்தான் இதைச் சொன்னார்.

கோச் நோலனை மாற்றவில்லை. செப்டம்பரில் முதல் ஆட்டம். இரண்டாவது காற்பகுதியில் எஸ்ரா உதைக்க வந்தான். தலையைக் குனிந்தே வைத்திருந்தான். பந்து கம்பங்களுக்கு நடுவே உயரமாகப் போயிற்று. கூட்டம் எஸ்ரா, எஸ்ரா என்று கத்தியது. கம்பங்களுக்குப் பின்னால் மடக்கு நாற்காலியிலிருந்து ஒரே ஒருவர் எழுந்து, எஸ்ராவைப் பார்க்காமல், முழங்காலிலிருந்து எழுந்துகொண்டிருந்த பையனைப் பார்த்துக் கை தட்டினார்.

எங்கள் வர்ணனை அறைக்குள் பிரென்ட் எஸ்ராவைப் புகழ்ந்து முடித்துவிட்டு டுவேன் பக்கம் திரும்பினான். டுவேன் ஒலிவாங்கியை அருகே இழுத்தார்.

"பந்தை நிறுத்தினது நோலன் விங்கெல்" என்றார்.

பிரென்ட் வியந்து பார்த்தான். பந்தை நிறுத்துகிறவன் பெயரை எந்த வர்ணனையாளரும் சொல்வதில்லை. டுவேன் வேறு எதுவும் சேர்க்கவில்லை. பல்லைக் கடித்தபடி ஸ்கோர் பலகையை நிமிர்ந்து பார்த்தார். பெரிய எழுத்துகளுக்குக் கீழே இருந்த எண்களைச் சரியாகப் படித்தார். நான் நீட்டிய ஹாட் டாக்கை வேண்டாம் என்றார்.