சராசரி ஐம்பத்து மூன்று

இதனால் சகல நண்பர்களுக்கும் அறிவிப்பது என்னவென்றால்... இன்டர்மீடியட் பரீட்சையில் அடியேன் எடுத்த சராசரி ஐம்பத்து மூன்று! செய்தி அறுபது வருஷத்துக்கு மேல் தாமதம். பொறுத்தருள்க.

மார்க் வந்த அன்றுதான் தேன்கனிக்கோட்டையில் முதல் மழை. நனைந்த கவரில் கோந்து வாசனை இன்னும் மூக்கிலேயே இருக்கிறது...

கன்னடம் எழுபத்து நாலு. கணக்கு ஐம்பத்தெட்டு. கெமிஸ்ட்ரி ஐம்பத்து மூணு. பிசிக்ஸ் நாற்பத்தொம்பது. இங்கிலீஷ்... அது கிடக்கட்டும், முப்பத்தொண்ணு.

சேலம் ஹாஸ்டலில் எனக்குப் பேர் 'சராசரி சாமியார்'. யாருக்கு எவ்வளவு வரும் என்று வாயாலேயே கூட்டி வகுத்துச் சொல்வேன். வராத பாடத்தோடு மல்லுக்கட்டாதே, வருகிற பாடத்தில் மார்க்கை ஏற்று, அது வராததையும் தூக்கிக்கொண்டு வரும்... இதுதான் என் உபதேசம். அதனால்தான் நம்ம பார்டர் பாஷையான கன்னடத்தை எடுத்தேன். இங்கிலீஷ் பரீட்சையில் கட்டுரையை எழுதாமலே எழுந்து வந்தேன்.

பாஸாக ஒவ்வொரு பாடத்திலும் தனித்தனியாக முப்பத்தைந்து வேண்டும் என்று வாத்தியார் சொன்னபோது நான் யாருக்கோ சராசரி போட்டுக்கொண்டிருந்தேன்.

பேப்பரில் என் நம்பர் இல்லை. அப்பாவிடம், "அச்சுப்பிழை நைனா, மார்க்கைப் பாருங்க, சராசரி ஐம்பத்து மூணு!" என்றேன்.

எங்கள் வீட்டில் தெலுங்கு. தெலுங்கில் 'சராசரி' என்றால் 'நேராக' என்றும் அர்த்தம். நைனா முகம் மலர்ந்து கேட்டார்: "அட்லைதே சராசரி பாஸேனா?" அப்படின்னா நேரா பாஸ்தானா?

எனக்கு வந்த சிரிப்பு! "ஆமா நைனா, சராசரி பாஸ்!" என்றேன்.

மறுநாளே சலவை வேட்டி கட்டி, என்னைப் பெங்களூருக்குக் கூட்டிப் போனார், இன்ஜினியரிங் காலேஜில் சேர்க்க. பஸ்ஸில் ஏறினவன் இறங்கினவனிடமெல்லாம், "பையன் இன்ஜினியருக்குப் படிக்கப் போறான்." பாஸானால் படிப்பு, இல்லையென்றால் ராகிக் காட்டில் யானையை விரட்டத் தகரம் தட்டும் வேலை... இதுதான் எங்களுக்குள் பேச்சு.

ஆபீசில் கிளார்க் மார்க்கைப் பார்த்தார். நான் சராசரியைச் சொன்னேன். அவர் நிமிரக்கூட இல்லை. "சராசரி எஷ்டித்ரேனு? இங்கிலீஷ் ஃபேல், அல்வா?"

சராசரி எவ்வளவு இருந்தால் என்ன என்கிறார். கன்னடத்தில் 'அல்வா' என்றால் 'இல்லையா'. எனக்குக் கிடைத்தது தமிழ் அல்வா.

நைனாவுக்கு 'ஃபேல்' எந்தப் பாஷையிலும் புரியும். திரும்பும் வழியில், ஓசூரில் டீ குடிக்க இறங்கினபோது, "என்னை வச்சே விளையாடிட்டியேடா" என்றார். அடித்திருக்கலாம்...

அந்த வருஷமே நான் தகரம் எடுத்தேன். என்னைவிட மொத்தத்தில் கம்மியாக எடுத்த ரூம்மேட் பின்னால் பெரிய இன்ஜினியர். ஓசூரில் ஃபாக்டரிகள் வந்தபோது காரில் வந்து இறங்கினான். நான் கேட்டில் வாட்ச்மேனாக நின்று சல்யூட் அடித்தேன். அவனுக்கு அடையாளம் தெரியவில்லை. நல்லதாப் போச்சு.

இப்போ பேத்தி இன்ஜினியரிங். ஏதோ கிரெடிட்டாம், கிரேடு பாயிண்டாம், பெருக்கிக் கூட்டி வகுத்தால் சிஜிபிஏ ஏழாம். ஒரு பேப்பர் அரியர். "அழலையாம்மா?" என்றேன். "அரியர்தானே தாத்தா, அடுத்த செமஸ்டர்ல எழுதிக்கலாம்" என்று பிரியாணி ஆர்டர் போட்டாள்.

எங்க காலத்தில் ஏதுடா அந்தச் சலுகை, ஒரே பாடம் ஆளையே சாய்ச்சிடும்... என்று இத்தனை வருஷமாக எல்லாரிடமும் சொல்லி வந்திருக்கிறேன். உங்களில் பாதிப்பேர் உச்சுக்கொட்டியிருப்பீர்கள்.

சலுகை இருந்துச்சுங்க. செப்டம்பரில் இங்கிலீஷ் மட்டும் எழுதினால் போதும். நைனா பீஸ்கூடக் கட்டினார். நான்தான் பரீட்சைக்குப் பஸ் ஏறவில்லை. தனியாக ஒரே ஒரு பாடம்... அதற்கு ஏது சராசரி?