வண்டிக்காரருக்கு முதல் பங்கு

என் மாமனார் வீட்டுக் குலசாமி புதூரைத் தாண்டி, கரிசல்காட்டுக்குள் இருக்கிறது. ஒரு உடைமரம், நட்டு வைத்த கல், ஒரு வேல், அவ்வளவுதான். ஆனால் கோபம் மட்டும் ஊர்ப்பட்ட கோபம் என்பார்கள். என் மூத்த பிள்ளைக்கு அங்கேதான் முதல் மொட்டை. தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு பொங்கல் சமயம். தீப்பெட்டி செய்கிற ஆபீசுக்கெல்லாம் லீவு, சொந்தக்காரர்கள் ஒருசேரக் கிடைப்பார்கள் என்று, பொங்கலுக்கு மறுநாள் கரிநாளில் கோவில்பட்டியிலிருந்து ஒரு வேன் பிடித்துக் கிளம்பினோம். மற்ற நாட்களில் தீப்பெட்டி ஆபீசுக்குப் பெண்களை ஏற்றிப் போகிற வேன் அது.

ஓட்டி வந்தவர் நல்ல மனிதர். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போகும்போது பிள்ளை தூங்குகிறான் என்று பாட்டை நிறுத்தினார். பள்ளம் வந்தால் பூப்போல இறக்கி ஏற்றினார்.

மொட்டை முடிந்து, கிடா வெட்டி, படையல் போட்டார்கள். கறி, சுருட்டு, பிராந்தி. சாமி குடித்தது போக மீதி ஆண்களுக்கு. சாமி என்றைக்குக் குடித்தது? பாட்டில் முழுசாக அப்படியே இவர்களுக்குத்தான். இதில் எங்கள் வீட்டு வழக்கம் ஒன்று உண்டு. சாமிப்பெட்டியை ஏற்றி வந்த வண்டிக்காரருக்குத்தான் முதல் பங்கு. மாட்டுவண்டிக் காலத்து ஏற்பாடு. வண்டிக்காரர் தூங்கி விழுந்தாலும் மாடு வழி தெரிந்து வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்துவிடும். வேனுக்கு என்ன தெரியும்? இதை அந்தக் கூட்டத்தில் ஒருத்தராவது யோசிக்க வேண்டாமா!

டிரைவர் கையெடுத்துக் கும்பிட்டார். "வேண்டாம் அண்ணாச்சி, வண்டி ஓட்டணும்."

"ஏலே, நானா குடுக்கேன்? சாமில்லா குடுக்கு. தட்டப்பிடாது," என்றார் மாமா, என் மாமனார்.

சாமி பேரைச் சொன்ன பிறகு அவர் என்ன செய்வார்? தம்ளரைக் கண்ணில் ஒற்றிக் குடித்தார். சாப்பிடும்போது இரண்டாவது தம்ளர் வந்தது. மூன்றாவதுக்கு அவரே கையை நீட்டினார். புடவைத் தலைப்பால் பிள்ளையின் மொட்டைத் தலையை மூடிக்கொண்டு, என் வீட்டுக்காரரைத் தனியே கூப்பிட்டேன்.

"ஏங்க, நாம புதூர் வரைக்கும் நடந்து, பஸ்சுல போயிருவோமா?"

அவர் வாயிலும் அதே வாடை. "கரிநாள்ல எங்கட்டி பஸ்சு? எங்கய்யா மனசு சங்கடப்படும். சும்மா ஏறு."

"அப்ப பிள்ளையையாவது என் மடியில விடுங்க."

அதுவும் முடியாதாம். மொட்டை எடுத்த பேரன் தாத்தா மடியில், முன் சீட்டில் உட்கார்ந்துதான் ஊருக்குள் வர வேண்டுமாம். அதுதான் மரியாதையாம். நல்ல மரியாதை! மாமா கையை நீட்டி வாங்கிக்கொண்டார். பெற்றவள் நான், பார்த்துக்கொண்டு நின்றேன்.

என்னால் முடிந்தது ஒன்றுதான். இடித்துப் பிடித்து டிரைவருக்கு நேர் பின்னால் உட்கார்ந்து, வழியெல்லாம் பேச்சுக் கொடுத்தேன். "அண்ணாச்சி, உங்களுக்கு எத்தனை பிள்ளைங்க? வீடு எங்கன?" வெளியாளிடம் முகம் பார்த்துப் பேசாத மருமகள் நான். கொழுந்தன் சிரித்தான். "மதினிக்கு இன்னைக்கு வாய் திறந்துட்டு!" அத்தை தொடையில் கிள்ளினார். கிள்ளட்டும். ஒரு கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே இடைவெளி நீண்டால் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. சாமியிடம் என்ன வேண்டினேன் தெரியுமா? வண்டி எதிலாவது லேசாக உரசி நின்றுபோகட்டும், யாருக்கும் ஒன்றும் ஆகாமல், இவர்களுக்குப் புத்தி வருகிற அளவுக்கு மட்டும். பிள்ளையை முன்னால் வைத்துக்கொண்டு ஒரு தாய் வேண்டுகிற வேண்டுதலா அது?

எட்டயபுரத்துக்கு முன்னால் ஆட்டு மந்தை ஒன்று ரோட்டைக் கடந்தது. எல்லாருக்கும் தெரிந்தது, ஓட்டினவருக்கு மட்டும் தெரியவில்லை. "அண்ணாச்சி, ஆடு!" என்று நான் கத்திய கத்தலில் பிரேக்கை மிதித்தார். வண்டி இழுத்துக்கொண்டு போய்க் கரிசலில் இறங்கிச் சாய்ந்து நின்றது. முன்கண்ணாடிக்கும் பிள்ளையின் தலைக்கும் நடுவே மாமாவின் உள்ளங்கை மட்டும் இருந்தது. பிள்ளை வீறிட்டான். ஆட்டுக்காரர் எங்கள் பரம்பரையையே இழுத்துத் திட்டினார்.

மாமா அண்ணாந்து கும்பிட்டார். "பாத்தீங்களா, சாமி கூடவே வருது. அதான் நிப்பாட்டிட்டு."

தள்ளி ரோட்டில் ஏற்றினார்கள். பிள்ளைக்காக நான் நீட்டிய கையை யாரும் கவனிக்கவில்லை. பொழுது சாய, ஒரு கீறல்கூட இல்லாமல் வீடு வந்து சேர்ந்தோம். ஆரத்தி எடுத்தார்கள். இனி நான் சொல்வதை இந்த வீட்டில் யாரும் கேட்க மாட்டார்கள் என்று அப்போதே தெரிந்துவிட்டது. ஒன்றும் ஆகவில்லையே, பிறகு என்ன சொல்ல?

அடுத்த பொங்கலுக்கும் குலசாமிக்குப் படையல் போட அதே வேன். "அந்தப் பையனே வரட்டும், ராசியான கை," என்றார் மாமா. காலையில் சாமான் ஏற்றும்போது, யாரும் பக்கத்தில் இல்லாத நேரம் பார்த்து டிரைவரிடம் போனேன்.

"அண்ணாச்சி, உங்களைக் கும்பிட்டுக் கேக்கேன். இந்தத் தடவை குடிக்காதீங்க."

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "நானா கேக்கேன் தங்கச்சி? உங்க வீட்டு ஆளுகல்லா குடுக்காவ. சாமி பங்கை வேண்டாம்னா, அடுத்த தடவை வேற வண்டி பிடிச்சிருவாவ. தீப்பெட்டி ஆபீஸ் லீவுல எனக்கு இந்தச் சவாரிதான். நீங்களே உங்க மாமாகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்களேன்."

நான் சொல்வதாம்! பிறகு அவர் போய் வண்டியை ஸ்டார்ட் செய்தார். முன் சீட்டிலிருந்து மாமா இரண்டு கையையும் நீட்டினார். பிள்ளையைக் கொடுத்தேன்.