குழாய் அக்கா பாதியில் நிறுத்திய நாவல்

பல் ஆஸ்பத்திரியில் அவளுக்குக் குழாய் அக்கா என்று பெயர். டாக்டரம்மா பல்லைக் குடையும்போது, வாயில் ஊறும் எச்சிலை உறிஞ்சுகிற குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்பவள் அவள்தான். கை அந்த வேலையைப் பார்க்கும். வாய்க்கு வேறு வேலை. படித்து முடித்த புத்தகங்களைப் பற்றி, நாற்காலியில் சாய்ந்திருப்பவரிடம் ஒரே மூச்சில் சொல்லித் தீர்ப்பாள்.

வேறு எங்கே போய்ச் சொல்லுவாள், பாவம்! அவள் புத்தகப் பேச்சை எடுத்தாலே வீட்டுக்காரர் டிவி சத்தத்தைக் கூட்டிவிடுவார். மகள் எந்நேரமும் காதில் எதையோ செருகிக்கொண்டு திரிகிறாள். தங்கச்சியோ, "அடுப்புல வெச்சிருக்கேன்க்கா" என்று போனை வைத்துவிடுவாள். அந்த அடுப்பில் என்னதான் வேகிறதோ, வருஷக்கணக்காக வேகிறது. ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள்தான் தங்கமானவர்கள். எழுந்து ஓட மாட்டார்கள், குறுக்கே பேச மாட்டார்கள், வாயைப் பிளந்துகொண்டு கேட்பார்கள்.

அதில்தான் வினை வந்தது. போன மாதம் ஒரு துப்பறியும் நாவலைப் பற்றிச் சொன்னவள், கொன்றது தோட்டக்காரன்தான் என்று போட்டு உடைத்துவிட்டாள். நாற்காலியில் இருந்தவர் அதே நாவலைப் பாதி படித்துப் பையில் வைத்திருந்தார். பல்வலியை மறந்து அந்த மனுஷன் ஆடிய ஆட்டம் இருக்கிறதே!

டாக்டரம்மா அன்றைக்கே சொல்லிவிட்டார். "இன்னொரு புகார் வரட்டும், பின்னாடி கருவி கழுவுற ரூமுக்கு மாத்திடுறேன். அங்க இடுக்கிகிட்ட கதை சொல்லு."

அந்த அறையில் ஒரு தொட்டியும் ஒரு கொதிகலனும்தான். ஜன்னல்கூடக் கிடையாது. மனித முகமே பார்க்காமல் அங்கே எப்படி நாளை ஓட்டுவது? வாயை மூடிக்கொண்டு இருந்தாள். எத்தனை நாள்? அந்த வாரம் முடியும்வரைகூடத் தாங்கவில்லை.

கணக்கு வாத்தியார் ஒருவர் வந்து சேர்ந்தார். கடைவாய்ப் பல் சொத்தை, பிடுங்கியாக வேண்டும். "வலிச்சா இடது கையைத் தூக்குங்க சார்" என்றார் டாக்டரம்மா. அங்கே அதுதான் பாஷை. கை உயர்ந்தால் மரத்துப்போகிற ஊசி இன்னும் கொஞ்சம் ஏறும்.

வாத்தியார் பயத்தில் கைப்பிடியை நெரித்துக்கொண்டிருந்தார். அக்காவுக்கு மனசு கேட்கவில்லை.

"இந்த வாரம் ஒரு ராக்கெட் கதை படிச்சேன் சார். தலைமுறை தலைமுறையா பறந்து வேற கிரகத்துக்குப் போறாங்க. இறங்கினதும் பெரிய ரூம் யாருக்குன்னு சண்டை. அதுக்கு வீட்லயே இருந்திருக்கலாம்."

டாக்டரம்மா முகமூடிக்கு மேலே முறைத்தார். அக்கா கண்டுகொள்ளவில்லை.

"அப்புறம் ஒரு பேய்க்கதை. அதுல பேய்தான் பாவம், யாரும் அதைப் பேசவே விடல. விடியறதுக்கு முன்னாடி எழுந்தா வாழ்க்கையில ஜெயிக்கலாம்னு ஒரு புத்தகம் சொல்லிச்சு. எழுந்தேன். மத்தியானம் இதே இடத்துல நின்னுக்கிட்டே தூங்கினேன். ஒரு ராஜா கதையும் முடிச்சேன். தலைகாணி கனம் இருக்கும். குதிரைக்கு இருக்கிற மூளை அந்த ராஜாவுக்கு இல்ல."

வாத்தியாரின் பிடி தளர்ந்தது. கண்ணோரம் சிரிப்புகூட எட்டிப் பார்த்தது. அக்காவுக்குத் தெம்பு வந்துவிட்டது.

"கடைசியா, மெழுகுவத்தி செய்யற குடும்பத்தைப் பத்தி ஒரு நாவல். எழுதினவர் படம்கூடப் போடல. லைப்ரரியில யார் கையும் படாம புதுசாவே கிடந்துச்சு. முதல் நூறு பக்கம் மெழுகு உருகுது சார், உருகுது, உருகிக்கிட்டே இருக்கு."

இடது கை உயர்ந்தது. ஊசி ஏறியது.

"அந்த மூத்த பையன் இருக்கானே, வாயில விரல வெச்சாலும் கடிக்கத் தெரியாது. அவனா கதாநாயகன்?"

மறுபடி கை. மறுபடி ஊசி. "ஆ... ஆ..." என்றார் வாத்தியார். "இதோ ஆச்சு சார்" என்று தேற்றினாள் அக்கா.

"அதையெல்லாம்கூட விடுங்க. குடும்பத்தையே தாங்கிப் பிடிச்ச அம்மா, அவங்க சாவை ரெண்டே வரியில முடிச்சுட்டார்! அப்படி என்ன அவசரம் அந்த ஆளுக்கு, பஸ்ஸுக்கு நேரமாச்சா? எனக்கு வந்துச்சு பாருங்க..."

இந்தத் தடவை வாத்தியார் இரண்டு கைகளையும் தூக்கிவிட்டார். கண்ணிலிருந்து நீர் காது வரை வழிந்தது.

"வாயை மூடு!" என்று சீறினார் டாக்டரம்மா.

பல் வந்துவிட்டது. வாயில் பஞ்சை வைத்துக் கடிக்கச் சொல்லிவிட்டு, "இவ பேச்சு தொந்தரவா இருந்துச்சா சார்?" என்று டாக்டரம்மா கேட்டார். வாத்தியார் ஏதோ சொல்லப் பார்த்தார். அவ்வளவு ஊசிக்கு அப்புறம் நாக்கு எங்கே அசையும்? இருங்கள், சொல்கிறேன் என்று கையைக் காட்டிவிட்டு, வெளியே காத்திருப்பவர்களின் பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டார்.

அவருக்குப் பின்னால் வந்தவர்கள்கூடப் பல்லைக் காட்டிவிட்டுப் போய்விட்டார்கள். அவர் நகரவில்லை. அவ்வப்போது கன்னத்தைத் தட்டிப் பார்த்தபடி, நாக்கு திரும்பட்டும் என்று காத்திருந்தார். கதவிடுக்கு வழியாக எட்டி எட்டிப் பார்த்த அக்காவுக்கு உயிரே இல்லை. தொலைந்தோம், ஆள் புகார் சொல்லாமல் போகமாட்டார்!

கடைசியில் எழுந்து உள்ளே வந்தார். டாக்டரம்மா கை கழுவிக்கொண்டிருந்தார்.

"அது நான் எழுதின நாவல்" என்றார் வாத்தியார் அக்காவிடம். வார்த்தைகள் இன்னும் கொஞ்சம் குழறின. "ஸ்கூல்லகூட யாருக்கும் தெரியாது. புனைபெயர்."

அக்கா குழாயைக் கீழே போட்டுவிட்டாள்.

"அந்தச் சாவை முதல்ல ஒரு அத்தியாயமா எழுதினேன். திரும்பப் படிக்க முடியல. அது எங்கம்மா. கிழிச்சுப் போட்டுட்டேன். அந்த ரெண்டு வரிதான் மிஞ்சிச்சு."

டாக்டரம்மா திரும்பினார். "ரொம்ப சாரி சார். இவமேல புகார் இருந்தா சொல்லுங்க, நான் பாத்துக்கிறேன்."

"இருக்கு. பாதியில நிறுத்திட்டாங்க. அந்த நாவலைப் படிச்சவங்கன்னு நான் பார்த்த முதல் ஆள் இவங்க. மீதியைக் கேக்காம வீட்டுக்குப் போகமாட்டேன்."

இருவரும் அக்காவைப் பார்த்தார்கள். அவள் குனிந்து, கீழே கிடந்த குழாயை எடுத்து மாட்டினாள்.

"கோபம் வந்துச்சு சார். அடுத்த பக்கம் போக முடியல. புத்தகத்தை மூடி வெச்சுட்டு எங்கம்மாவுக்கு போன் பண்ணேன். அவங்க எடுத்ததும் என்ன பேசறதுன்னு தெரியல. 'சாப்பிட்டியாம்மா'ன்னு கேட்டேன். சாப்பிட்டேன்னாங்க. அப்புறமும் போனை வைக்க மனசு வரல."

வாத்தியார் மெல்ல இடது கையைத் தூக்கினார். டாக்டரம்மா ஊசியை எடுக்கவில்லை.