பனி தள்ளும் படிவத்தில் ஒரு கேள்வி

மைமு ரவுத்சிக்குக் கேள்வி கேட்பதே பிடிக்காது. எஸ்தோனியாவின் தெற்கு மூலையில், ஊராட்சி அலுவலகத்தில் இருபத்திரண்டு வருஷம் காகிதப் படிவங்களோடு மல்லுக்கட்டியவள். "அரசாங்கத்துக்கு ஏற்கெனவே தெரிஞ்சதை எதுக்கு மறுபடி கேட்டு ஜனங்களை வதைக்கணும்?" என்பாள். குளிர்காலத்தில் யார் வீட்டுப் பாதையில் பனி தள்ள வேண்டும் என்பதற்கான மின்படிவத்தை அவளேதான் உருவாக்கினாள். அடையாள அட்டையைச் செருகினால் பெயர், முகவரி, பாதை எல்லாம் பதிவேட்டிலிருந்து தானே வந்து நிற்கும். ஒரு சொடுக்கு, வேலை முடிந்தது. முப்பது கிலோமீட்டர் வண்டி ஓட்டி வந்து வரிசையில் நிற்க வேண்டியதில்லை. மைமுவுக்குப் பெருமை பிடிபடவில்லை.

விண்ணப்பிக்கக் கடைசி நாள் காலை, காட்டோரப் பண்ணையிலிருந்து எல்மர் போனில் கூப்பிட்டார்.

"ஏம்மா மைமு, உன் படிவம் என்னைத் தாலின் நகரத்துல குடி வெச்சிருக்கு! 'உங்க பாதை எங்க எல்லையில இல்லை'ன்னு விரட்டுது."

மைமு பதிவேட்டைப் பார்த்தாள். சிரிப்பை அடக்க முடியவில்லை. "அண்ணே, நீங்கதானே மக வீட்டு முகவரியில பதிஞ்சுக்கிட்டீங்க? தாலின்காரங்களுக்கு டிராம் ஓசின்னு."

"ரெண்டே தடவைதாம்மா ஏறினேன்!"

"அந்த டிராம் வந்து இப்ப பனியத் தள்ளுமா?"

"என் வீட்டுக்காரி வில்மாவுக்கு வாரம் மூணு நாள் ரத்தம் சுத்திகரிக்கணும். பாதை அடைச்சு ஆஸ்பத்திரி வண்டி வரலைன்னா..." என்று நிறுத்திக்கொண்டார்.

மைமுவின் சிரிப்பு அடங்கிப்போனது. பதிவேட்டில் முகவரி மாறப் பத்து நாள் ஆகும். படிவமோ மாலை ஐந்துக்கு மூடிவிடும். எல்மர் பெயரைக் கையாலேயே பட்டியலில் சேர்த்தாள். ஆனாலும் மனசு ஆறவில்லை. இவர் சண்டை போடக் கூப்பிட்டார். வெட்கப்பட்டு வாயை மூடிக்கொண்டவர்கள் எத்தனை பேரோ? ஊரில் பாதிப்பேர் பிள்ளைகள் முகவரியில்தான் இருக்கிறார்கள். இது தெரிந்திருந்தும் பதிவேட்டை நம்பியது தன் மடத்தனம்தான்.

மதியச் சாப்பாட்டை விட்டுவிட்டு, படிவத்தில் ஒரு கேள்வியைச் சேர்த்தாள்: 'குளிர்காலத்தில் நீங்கள் உண்மையில் எங்கே தூங்குகிறீர்கள்?' படிவம் விரட்டியடித்த அத்தனை பேருக்கும் செய்தி அனுப்பினாள். ஐந்து மணிக்குள் நாற்பத்தொரு பாதைகள் வந்து சேர்ந்தன.

டிசம்பரில் முழங்காலளவு பனி கொட்டிய ஒரு காலை, எல்மர் மறுபடி கூப்பிட்டார்.

"என்னண்ணே, தாலின்லேர்ந்தா பேசறீங்க?"

"நம்ம வாசல்லேர்ந்து. வண்டி வந்து பனியத் தள்ளிட்டுப் போயிருச்சும்மா. வில்மா ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிட்டா."

அதற்கு மேல் மைமு எதுவும் கேட்கவில்லை.