பிளாஸ்டிக் போட்ட பட்டம்

குடியேற்ற அலுவலகம் மறுபடியும் ஆதாரம் கேட்டு எழுதியிருந்தது. சொந்த ஊரில் வாங்கியது அவர்களுக்கு வெளிநாட்டுப் பட்டமாம், செல்லுமா என்று இன்னும் சந்தேகமாம். கெடுவுக்குள் பதில் போகாவிட்டால் வேலை அனுமதி ரத்து. பள்ளிக்கூடத்தில் இப்போதுதான் ஒட்டிக்கொண்ட மகளையும் இழுத்துக்கொண்டு மூட்டை கட்ட வேண்டியதுதான். லேப்காரி அந்தக் கடிதத்தை வெள்ளைக் கோட்டின் பைக்குள் திணித்துக்கொண்டு ஆஸ்பத்திரி ரத்தப் பரிசோதனைக் கூடத்து வேலைக்குப் போனாள்.

அன்று அவள் மேசைக்கு வந்த ரத்தக் குழாய்களில் பாதி, புதிதாகக் குடியேற வந்தவர்களுடையது. அதே அலுவலகம் சோதனைக்கு அனுப்பியது. முடிவுகளின் அடியில் இவள் கையெழுத்து. அதை நம்பி ஆளை உள்ளே விடுவார்கள். கையெழுத்துப் போட்டவள் படித்தவளா என்று அவளையே கேட்பார்கள். தூ!

மதிப்பெண் பட்டியல் அனுப்பியாயிற்று. பாடத்திட்டமும் அனுப்பியாயிற்று. இப்போது அசல் பட்டத்தின் முதுகில் பல்கலைக்கழகம் முத்திரை குத்தித் தர வேண்டுமாம். அசல் ஊரில் அப்பாவிடம் இருந்தது. பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பட்டம் வந்த அன்றே கடை தேடிப் போய் லேமினேஷன் போட்டு, தண்ணீரில் முக்கினாலும் ஒன்றும் ஆகாது என்று தெரு முழுக்கக் காட்டிவிட்டு வந்த மனுஷன். அதைப் பல்கலைக்கழகத்துக்கு எடுத்துக்கொண்டு போனார். பிளாஸ்டிக்கில் முத்திரை நிற்குமா? மை வழுக்கிக்கொண்டு அவர் விரலில்தான் ஒட்டியது.

அன்று சாயங்காலம் போன் செய்தார்.

"பிளாஸ்டிக்கை உரிச்சா எழுத்தும் கூடவே வந்துடுமாம்மா. கெட்டுப்போச்சுன்னு எழுதினா கமிட்டி கூடணுமாம். அது கூடறப்போதான் கூடுமாம். தொலைஞ்சு போச்சுன்னு போலீஸ்ல எழுதி வாங்கிட்டு வந்தா உடனே புதுசு தர்றானாம்."

"கையில வச்சுக்கிட்டேவாப்பா?"

"அந்த கிளார்க் கண்ணு முன்னாடிதான் வச்சிருந்தேன். அதை முதல்ல பையில போடுங்க பெரியவரேங்கறான்."

வண்டியில் யாரோ மறந்துவிட்டுப் போன ஓட்டைக் குடையைக்கூட டிப்போவில் ஒப்படைத்த ஆள் அவர்.

"ஒண்ணும் ஆகக் கூடாதுன்னுதானேம்மா பிளாஸ்டிக் போட்டேன்."

"எழுதிக் குடுத்துடுங்கப்பா" என்றாள். சொன்ன வாய் கசந்தது.

எழுதிக் கொடுத்தார். எந்த பஸ்ஸில் தொலைத்தீர்கள் என்று போலீஸ்காரர் கேட்டதற்கு, வேறெதுவும் வாயில் வராமல், காலமெல்லாம் தான் விசில் ஊதிய வண்டியையே சொன்னாராம்.

பொய்க்கு மளமளவென்று வேலை நடந்தது. புதுப் பட்டம் வந்தது, முத்திரை விழுந்தது, பதில் போனது. அனுமதி ஒற்றை வரியில் வந்து சேர்ந்தது. அலைக்கழித்ததற்கு ஒரு வார்த்தை கிடையாது.

அப்பாவுக்குச் சொன்னாள். சந்தோஷப்பட்டார். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"அந்தப் பழசை என்னம்மா பண்றது?"

கிழித்துப் போடச் சொல்ல நாக்கு எழவில்லை.

"பீரோவுல துணிக்கு அடியில வச்சிடுங்கப்பா. யார்கிட்டயும் காட்டாதீங்க."

"சரிம்மா" என்றார், தெரு முழுக்கக் காட்டிய மனுஷன்.