ஆயுத பூஜையும் ஒரு டிரிப் பாட்டிலும்

மந்தைவெளி ஸ்ரீரஞ்சனி எதைச் செய்தாலும் முழுசாகச் செய்வாள். அந்த ஆயுத பூஜைக்கு அதுவே வினையாகப் போயிற்று.

பிள்ளை காலேஜில் சேர்ந்ததும், பழைய பயோகெமிஸ்ட்ரி பட்டத்தைத் தூசி தட்டி எடுத்துக்கொண்டு கிண்டியில் ஒரு சின்ன ஆய்வுக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தவள் அவள். ஒரு புரதத்தை இன்னதென்று கண்டுபிடிக்க, முதலில் அதைத் துண்டு துண்டாக வெட்ட வேண்டும். வெட்டுவது டிரிப்சின் என்கிற நொதி. குழாயில் கலந்து வைத்தால் ராத்திரி முழுக்க ஆகும். போதாததற்கு அந்த மகராசன் தன்னைத்தானே கடித்துக்கொள்வான். அதனால் சிப் என்கிற கண்ணாடிச் சில்லில் தலைமுடி அளவுக்குக் கால்வாய் வெட்டி, அதன் சுவரில் நொதியை அசையவிடாமல் ஒட்டிவிட்டார்கள். இந்தப் பக்கம் புரதத்தை விட்டால், சில நிமிஷத்தில் அந்தப் பக்கம் துண்டுகளாக வந்துவிடும்.

எத்தனையோ சில்லுகள் சொதப்பின. உருப்படியாக வந்தது ஒன்றே ஒன்று. அதைக் காய விடக்கூடாது. காய்ந்தால் நொதி போச்சு. ஒரு பம்ப் ஓயாமல் அதற்குள் நொதியைக் கெடாமல் காக்கும் பஃபர் கரைசலைச் செலுத்திக்கொண்டிருந்தது. விஜயதசமிக்கு மறுநாள் பணம் கொடுப்பவர்கள் பார்க்க வருகிறார்கள். அன்றைக்குச் சில்லு வேலை செய்யாவிட்டால் திட்டத்துக்கு மூடுவிழா, ரஞ்சனிக்கும் வீடுதான்.

பூஜையன்று காலையில் அவளே போய் எல்லா இயந்திரங்களையும் துடைத்துச் சந்தனம், குங்குமம் வைத்தாள். இன்றைக்கு எதுவும் உழைக்கக்கூடாதென்று ஒவ்வொன்றாக அணைத்தாள். பம்பையும்தான்.

வீட்டில் சுண்டல் தாளிக்கும்போதுதான் உறைத்தது. அடுப்பை அணைத்துவிட்டுச் செருப்பைத் தேடினாள்.

"சுண்டலைப் பாதில விட்டுட்டு எங்க கிளம்பறே?" என்றார் கணவர் அனந்தராமன்.

"ஏன்னா, சிப்பு காஞ்சிண்டிருக்கும். என் வேலையே போயிடும்னா!"

ஆட்டோவில் வழியெல்லாம் தன்னையே திட்டிக்கொண்டு போனாள். கதவைத் திறந்தால் உள்ளே உமர் ஃபாரூக் உட்கார்ந்திருந்தான். சில்லுக்கு அச்சு செய்கிற இன்ஜினியர். ஆய்வுக்கூடத்துச் சூட்டடுப்பில் வைத்திருந்த அச்சை எடுக்க வந்தவன்.

குடை மாட்டும் கம்பியில் ஒரு டிரிப் பாட்டில் தொங்கியது. அதிலிருந்து இறங்கிய குழாய் சில்லுக்குள் போயிற்று. மறுமுனையில் சொட்டு விழுந்துகொண்டிருந்தது. பக்கத்தில் பம்ப், வைத்த குங்குமம் கலையாமல், அணைந்தபடியே இருந்தது.

"இன்னா மேடம், பம்பை ஆஃப் பண்ட்டுப் போய்ட்டீங்க? நல்லவேளை, நான் வர்றப்போ காயல."

"ஆன் பண்ணிருக்கலாமே, ஃபாரூக்?"

"பொட்டு வச்சு ரெஸ்ட்டு குட்த்துட்டுப் போயிருக்கீங்க. அத்தப் போய் எப்டி எழுப்புறது? அதான் எதிர் மெடிக்கல்ல டிரிப் செட்டு வாங்கியாந்து, நம்ம பஃபரையே ஊத்தி மாட்டிட்டேன். உசரத்துல வச்சா தானா இறங்கிக்கினு கீது."

ரஞ்சனி நாற்காலியில் உட்கார்ந்து அழுதுவிட்டாள். வேலை தப்பியதற்குப் பாதி. தான் வைத்த ஒரு பொட்டை அவன் இத்தனை பெரிதாக மதித்ததற்கு மீதி.

பணம் கொடுப்பவர்கள் வந்து பார்த்தார்கள், திருப்தியாகப் போனார்கள். திட்டம் நீண்டது, வேலையும் நிலைத்தது.

இந்த வருஷமும் ரஞ்சனி பம்பை அணைத்தாள். ஆனால் முதல் குங்குமம் குடைக்கம்பிக்கு.

"இதுக்கும் ரெஸ்ட்டா மேடம்?" என்று பாட்டிலை மாட்டியபடி கேட்டான் ஃபாரூக்.

"அதுக்கு லீவே கிடையாது," என்றாள் ரஞ்சனி, சுண்டல் டப்பாவை அவன் கையில் கொடுத்து.