கரங்கான் பெட்டிக்குப் புரிந்த சி மொழி

எலைனுக்குப் பழைய கணினிகள் மேல் பாசமெல்லாம் கிடையாது. பாக்கார் ஆராங் வீட்டின் முன்னறையில் கணவர் கென்னத்தோடு உட்கார்ந்து, செம்பனைத் தோட்டங்களின் எடைமேடைகளுக்கு புரோகிராம் எழுதுவது அவளுடைய இருபத்திரண்டு வருடப் பிழைப்பு. எட்டுத் தோட்டங்களில் ஏழு, புதுக் கணினிக்கு மாறிவிட்டன. எட்டாவதான கரங்கானில் மட்டும், லோரியின் எடையைக் கணினிக்குச் சொல்லும் அட்டை பழைய பெட்டியைத் தவிர வேறெதிலும் பொருந்தாது. அந்தப் பெட்டியில் புரோகிராமை ஓடும்படி மாற்றித் தரும் கம்பைலருக்கோ, சி மொழியின் எண்பத்தொன்பதாம் ஆண்டு விதிகளான ஸ்டாண்டர்டுக்கு மேல் ஒன்றும் தெரியாது.

எலைன் புரோகிராமின் புதிய பதிப்பைத் தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு ஸ்டாண்டர்டில் எழுதியிருந்தாள். மூன்று மாத வேலை. குலைகளைப் பழமா காயா என்று பிரித்துக் காட்டும் புது எடைச் சீட்டு வெள்ளிக்கிழமைக்குள் வரவேண்டும். வராவிட்டால் கரங்கான் எடைமேடையை மூடிவிட்டு, அங்கே எடை பார்க்கும் புஷ்பவள்ளியை ஜித்ராவுக்கு மாற்றிவிடுவதாக நிர்வாகம் சொல்லிவிட்டது. புஷ்பவள்ளியின் வீடு எடைமேடைக்கு எதிரிலேயே இருந்தது.

வியாழன் காலை கரங்கானுக்கே போய்ப் பழைய பெட்டியில் கம்பைல் செய்து பார்த்தார்கள். இருநூற்றுப் பதினான்கு பிழைகள்.

"இவ்ளோ கோவமா அதுக்கு?" என்று தே ஓ தேநீர்க் கோப்பைகளை வைத்தாள் புஷ்பவள்ளி. "பேசாம ஜித்ராவுல எனக்கு ஒரு வீடு பாத்துக் குடுத்துருங்க லா, எலைன்க்கா."

"இதுக்கு மட்டும் பழைய புரோகிராமத் திருத்தி விட்டுரு," என்றார் கென்னத். "மத்த ஏழுக்கும் புதுசு. எதுக்கு சுசா படணும்?"

"ரெண்டா வச்சிருந்தா ஒவ்வொரு தப்பையும் ரெண்டு தடவ திருத்தணும். நீங்க திருத்துவீங்களா?"

"நான் காடி ஓட்டத்தான் வந்தேன்."

எலைன் பிழைகளை மேலிருந்து கீழே படித்தாள். கூட்டம் பெரிதே தவிர, வகை இரண்டே இரண்டு. புரோகிராமுக்கு நடுவே குறிப்பு எழுதும் முறை ஒன்று. மற்றது, மதிப்புகளை வைக்கும் மாறிகளை அவள் தேவைப்பட்ட இடத்திலெல்லாம் அறிவித்திருந்தது. பழைய கம்பைலர், வேலை தொடங்குமுன் எல்லாவற்றையும் மேலேயே சொல்லிவிடு என்றது.

ஒரே ஒரு ஃபைலைப் பழைய முறைக்கு மாற்றினாள். பெட்டி ஏற்றுக்கொண்டது. அதே ஃபைலைத் தன் மடிக்கணினியில் போட்டாள். அதுவும் ஒரு முணுமுணுப்பு இல்லாமல் ஏற்றுக்கொண்டது. பழையதற்குப் புதுப்பேச்சு புரியவில்லை. புதியதற்கோ பழைய பேச்சு நன்றாகவே புரிகிறது.

"எட்டுக்கும் ஒண்ணே போதும்," என்றாள். "எண்பத்தொம்பது."

"மூணு மாசமா புதுசு புதுசுன்னியே?"

"சொன்னேன். இப்ப தள்ளி உக்காருங்க."

எழுதும்போது அனுபவித்த வசதியை நினைத்தால் கொஞ்சம் வலிக்கத்தான் செய்தது. ஆனாலும் மறுநாள் மதியத்துக்குள் இருநூற்றுப் பதினான்கும் பூஜ்யமாயின. குலை ஏற்றி வந்த ஓட்டுநர் முருகையாவின் லோரி மேடையேறியது. பிரிண்டர் கரகரத்துப் புதுச் சீட்டைத் துப்பியது. புஷ்பவள்ளி அதை இரண்டு முறை வாய்விட்டுப் படித்துவிட்டு முருகையாவிடம் நீட்டினாள்.

"இனிமே எழுதுறதெல்லாம் மொதல்ல இங்கதான் ஓட்டிப் பாக்கணும்," என்றாள் எலைன். "இந்தப் பெட்டி சாகிற வரைக்கும்."

"வாயக் கழுவுங்க எலைன்க்கா!" என்ற புஷ்பவள்ளி, மேசைத் துணியை எடுத்து அந்தப் பெட்டியின் தூசியைத் துடைக்கத் தொடங்கினாள்.